பெங்களூரில் சாயமிடும் பயிற்சிப் பட்டறையில் சேர விரும்புவோருக்கு: பணம் கட்டும் முன்னும் வீடு திரும்பிய பின்னும்

சென்ற ஆண்டு ஜூலையில், கிழக்குப் பெங்களூரில் ஒரு மாடிக் கூடத்தில் நடந்த ஒரு நாள் பட்டறைக்கு ₹2,800 கட்டிச் சென்று, நானே கட்டி, நானே நீலச் சாயத்தில் தோய்த்த ஒரு பருத்தித் துப்பட்டாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று மாலை அதைப் பார்த்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள். மூன்றாவது சலவைக்குள் அதில் ஆங்காங்கே சோறு ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஒரு நாள் அதை அணிந்து அலுவலகம் சென்று திரும்பியபோது கழுத்து நீலமாகியிருந்தது. என்ன தவறு நடந்தது என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு பட்டறைகளும், துணிக்கடைகள் நிறைந்த சிக்பேட்டைக்கு ஏழெட்டு நடையும், மொத்தத்தில் ₹11,000-க்கு மேல் செலவும் ஆயின. தவறு சாயத்தில் இல்லை, சாயத்துக்கு முந்தைய வேலையில் இருந்தது. அந்த வேலையைத்தான் பெரும்பாலான ஒரு நாள் பட்டறைகள் நம் கண்ணுக்குப் படாமல் முடித்துவைத்துவிடுகின்றன, அல்லது முடிக்காமலே விட்டுவிடுகின்றன. இந்த ஊருக்குப் புதிதாக வந்து, வார இறுதியில் துணிக்கலை எதையேனும் கற்கலாம் என்று நினைக்கும் தமிழர்கள் அதே செலவை மறுபடி செய்யாமல் இருப்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எதைக் கற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விளம்பரங்களில் எல்லாமே ‘துணிக்கலைப் பட்டறை’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஆனால் கட்டியும் மடித்தும் சாயமிடுவது ஒரு வேலை, மெழுகு தடவிச் சாயமிடும் பாத்திக் வேறொரு வேலை, மர அச்சால் பதிப்பது மூன்றாவது, வேர், பட்டை, பூ, காய் ஆகியவற்றிலிருந்து நிறம் எடுப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நேரமும் இடமும் வேறு.

மடித்துக் கட்டிச் சாயமிடும் ஷிபோரியின் எளிய வகைகளை ஒரே நாளில் கற்கலாம். மதுரைச் சுங்குடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, புள்ளி புள்ளியாகத் துணியைக் கிள்ளி நூல் சுற்றும் வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது தெரிந்திருக்கும். அதன் வடிவத்தைச் சிறு கைக்குட்டை அளவில் முயன்று பார்ப்பதற்கு ஒரு நாள் போதும், சேலைக்குப் போதாது. தயார் நிலையில் உள்ள நிறக்குழம்பைக் கொண்டு மர அச்சு பதிப்பதற்கும் ஒரு நாள் போதும். பாத்திக்குக்கு இரண்டு நாள் வேண்டும். மெழுகைத் தடவி ஆறவிட்டு, சாயத்தில் இட்டு, பிறகு கொதிநீரில் மெழுகை எடுக்கும்வரை இருந்து பார்க்காவிட்டால் பாதி வேலையைத்தான் கற்றிருப்பீர்கள். இயற்கைச் சாயத்துக்கு இரண்டு முழு நாள்கள் என்பது மிகக் குறைந்தபட்சம். காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. எங்கே தேடுவது

மூன்று வகை இடங்கள் உள்ளன. முதலாவது, இந்திராநகர், ஜெயநகர், கோரமங்கலா போன்ற பகுதிகளில் தனியார் கூடங்களிலும் உணவகங்களின் மாடியிலும் நடக்கும் வார இறுதிப் பட்டறைகள். இவற்றில் சேர்வது எளிது, கட்டணமும் விளம்பரத்திலேயே இருக்கும். நான் விசாரித்த அளவில் ஒரு நாளுக்கு ₹1,500 முதல் ₹3,500 வரை கேட்கிறார்கள். இரண்டு நாள் இயற்கைச் சாயப் பட்டறைக்கு இதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகிறது. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உதவியாளர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பது இந்த ஊரில் வழக்கம் என்பதால், புரியாத இடத்தில் தயங்காமல் தமிழிலேயே கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது வகை, கல்வி நிறுவனங்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கான தொடர்கல்விப் படிப்புகளை நடத்துகிறது. அவை மாதக்கணக்கில் நீள்பவை, கட்டணமும் அதற்கேற்ப அதிகம். குமார கிருபா சாலையில் உள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத் வளாகத்தில் கைத்தறிக் கண்காட்சிகள் அடிக்கடி நடைபெறும். அச்சுப் பதிப்பவர்களும் சாயம் தோய்ப்பவர்களும் தங்கள் துணியுடன் நேரில் வந்து அமர்ந்திருப்பார்கள். கூட்டம் குறைந்திருக்கும் வேலைநாள் முற்பகலில் சென்று அவர்களிடம் பேசுவது, என் கணக்கில், பாதிப் பட்டறைக்குச் சமம். நுழைவதற்குச் செலவும் அதிகம் இல்லை.

மூன்றாவது, அரசு நிறுவனங்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நெசவாளர் சேவை மையம் ஒன்று பெங்களூரில் உண்டு. பி.டி.எம். லேஅவுட்டில் மத்தியப் பட்டு வாரிய வளாகத்தில் மத்தியப் பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. பட்டுக்குச் சாயமிடுவதைப் பற்றி முறையாக அறிய விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம். இவை தொழிலில் இருப்பவர்களை மனத்தில் வைத்து ஏற்பட்டவை. ஆகவே தொலைபேசியில் கேட்டு முடித்துக்கொள்ளாமல் நேரில் சென்று, அடுத்த பயிற்சி எப்போது, வெளியாட்களுக்கு இடம் உண்டா, எந்த விண்ணப்பம் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவதே நல்லது.

3. பணம் கட்டும் முன் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பருத்தித் துணியில் இயற்கைச் சாயம் நிலைத்திருக்க வேண்டுமானால், முதலில் துணியிலுள்ள கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போகும்படி சலவைச் சோடாவும் சோப்பும் சேர்த்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து அலச வேண்டும். அடுத்து, அவுரி நீலத்தைத் தவிர மற்றச் சாயங்களுக்கு, கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் சில மணி நேரமாவது ஊறவைத்து உலர்த்த வேண்டும். அதன்பின் படிகாரக் கரைசலில் ஊறவைக்க வேண்டும்; ஓர் இரவு முழுவதும் இருந்தால் நல்லது. இவ்வளவும் ஆன பிறகே சாயப் பானைக்குள் துணி செல்லும். அங்கே சூடேற்ற ஒரு மணி நேரம், அதே நீரில் ஆறவிட இன்னொரு மணி நேரம். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும் பட்டறையில், நடுவே உணவு இடைவேளையும் ஒளிப்படம் எடுக்கும் நேரமும் போக, இது எப்படி நடக்கும்? நடக்காது. நடத்துபவர் துணியை முன்பே பக்குவம் செய்து வைத்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பக்குவமே நடந்திருக்காது.

முன்பே செய்து வைப்பதில் தவறில்லை. அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் தவறு. ஆகவே முன்பதிவுக்கு முன் இந்தக் கேள்விகளை எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, கேட்டுவிடுங்கள்: துணி பக்குவம் செய்யப்பட்டதா, அதன் முறையையும் அளவுகளையும் அச்சிட்ட தாளாகத் தருவீர்களா, ஒருவருக்கு எத்தனை கிராம் அல்லது எத்தனை மீட்டர் துணி, ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒரு சாயத் தொட்டியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள். நான் சென்ற முதல் பட்டறையில் ஒரே நீலத் தொட்டியைப் பதினெட்டு பேர் பகிர்ந்துகொண்டோம். பத்தாவது ஆளுக்குப் பிறகு தொட்டி களைத்துவிட்டது; எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குக் கிடைத்தது நீலம் அல்ல, பழைய பள்ளிச் சீருடையின் சாம்பல் நிறம்.

எந்தச் சாயம் என்பதையும் கேளுங்கள். பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ், செம்பருத்தி ஆகியவற்றைக் கொண்டு ‘இயற்கைச் சாயம்’ கற்பிக்கும் வகுப்புகள் பார்க்க மிகவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த நிறங்கள் துணியில் நிற்பவை அல்ல. மஞ்சள்தூளின் நிறம் உடனே பிடிக்கும், வெயிலில் சில நாள்களில் வெளுக்கும். மஞ்சிட்டி (சிவப்பு தரும் வேர்), அவுரி (நீலம் தரும் செடி), மாதுளைத் தோல், துலுக்கச் சாமந்தி ஆகியவை பட்டியலில் இருந்தால் நம்பிச் செல்லலாம். குழந்தைகளுடன் விளையாட்டாகச் செல்வதென்றால் பீட்ரூட்டும் போதும், அதற்கேற்ற கட்டணமாக இருந்தால்.

இரசாயனச் சாயம் என்று சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். சாதாரண வெப்பநிலையில் பருத்தியோடு வினைபுரியும் குளிர்வகை ரியாக்டிவ் சாயமே தொடக்கக்காரருக்குப் பொருத்தம். பாத்திக் வகுப்புகளில் இன்னும் சிலர் நாஃப்தால் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதனுடன் காஸ்டிக் சோடாவும் வேறு கடுமையான உப்புகளும் சேர்வதால், கையுறையும் காற்றோட்டமும் இல்லாத கூடத்தில் அது நடக்கிறதென்றால் நான் போகமாட்டேன். பென்சிடின் அடிப்படையிலான சாயங்கள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்திலிருந்து தூளைக் கொட்டும் இடத்தில், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கட்டணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வரலாம்; ₹3,000 என்று நினைத்தது ₹3,540 ஆகும். துணியும் கையுறையும் மேலங்கியும் கட்டணத்தில் அடங்குமா, நாம் வர இயலாமல் போனால் எத்தனை நாள் முன்பு சொன்னால் பணம் திரும்பும், மழையால் நாள் மாறினால் என்ன ஏற்பாடு என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் இரண்டாவது பட்டறை மழையால் தள்ளிப்போய், புதிய தேதியில் நான் ஊரில் இல்லாமல், கட்டிய பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. அதுவும் ஐந்து வாரம் கழித்து.

4. ஆவணங்களும், சான்றிதழ் பற்றிய ஏமாற்றமும்

தனியார் பட்டறைக்குப் பணம் செலுத்திய ரசீதே போதும். அடையாள அட்டை கேட்டால் ஆதார் நகலின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுங்கள். அரசு அல்லது கல்வி நிறுவனப் பயிற்சிக்குச் செல்லும்போது ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் நான்கு, பள்ளி அல்லது கல்லூரிச் சான்றிதழின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து எடுத்துச்செல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்கமாட்டார்கள், ஆனால் ஒன்று இல்லையென்று பேருந்தில் இன்னொரு நாள் அலைவதைவிட, சுமப்பது எளிது. ஆதாரில் முகவரி இன்னும் தமிழ்நாட்டில் இருந்தால் பெங்களூர் வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை முடிவில் கிடைக்கும் வண்ணச் சான்றிதழைக் காட்டினால் அரசுக் கடன் கிடைக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது சரியல்ல. கைத்தொழில் செய்பவர்களுக்குக் கடன் தருவதற்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கானது. அந்தப் பட்டியலில் தையற்காரரும் சலவைத் தொழிலாளரும் உண்டு, சாயமிடுபவர் இல்லை. கைவினைஞருக்கான பெஹ்சான் அடையாள அட்டையை மத்திய கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்குகிறது. அதற்கு நீங்கள் அந்தக் கைவேலையை உண்மையில் செய்கிறீர்களா என்பதைப் பார்ப்பார்களே தவிர, வார இறுதிச் சான்றிதழை அல்ல. பின்னாளில் சிறு அளவில் விற்கத் தொடங்கினால், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரும் பான் எண்ணும் கொண்டு அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ₹1,500 கொடுத்தால் முடித்துத் தருகிறோம் என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள்.

5. துணியை நீங்களே வாங்கிச் செல்லுங்கள்

பட்டறையில் கொடுக்கும் துணி போக, உங்கள் சொந்தத் துணியில் அரை மீட்டரையாவது சேர்த்துத் தோய்க்க அனுமதி கேளுங்கள். அப்போதுதான் வீட்டில் மறுபடி செய்து பார்க்கும்போது ஒப்பிட ஒன்று இருக்கும்.

துணிக்குச் சிக்பேட்டை. மெட்ரோவின் பச்சைத் தடத்தில் சிக்பேட்டை நிலையத்திலேயே இறங்கலாம்; ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமை காலை செல்லுங்கள். தொடக்கத்துக்குப் பருத்தித் துணி வகைகளான மல், கேம்ப்ரிக், பாப்லின் மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். வெளுக்காத கோராத் துணி விலை குறைவு, ஆனால் அதில் நெசவுக் கஞ்சி நிறைய இருக்கும். சாயத்துக்குத் தயார் நிலையில் உள்ள துணியைக் கடைக்காரர்கள் ‘ஆர்.எஃப்.டி.’ என்பார்கள், மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் முதல் முறைக்கு அதுவே தலைவலி இல்லாதது. நான் வெள்ளையாக இருந்த ஒரு துணியை எடுத்து விலை பேசிக்கொண்டிருந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த முதியவர் என் தமிழைக் கேட்டுவிட்டு, “அம்மா, வெள்ளையா இருக்குங்கிறதால ஆர்.எஃப்.டி. ஆயிடாது, இதுல கஞ்சி இருக்கு, ரெண்டு தடவை காய்ச்சணும்” என்றார். ₹2,800 கொடுத்து நான் கற்காததை அவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்.

பருத்தி என்று சொல்லி பாலியெஸ்டர் கலந்த துணியைத் தந்துவிடுவதும் உண்டு. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, வீட்டில் அடுப்பங்கரைத் தொட்டியின் மேல் பற்றவையுங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். கலப்புத் துணியில் பருத்தி இழை மட்டுமே சாயத்தை ஏற்பதால் நிறம் எப்போதும் வெளிறியே இருக்கும், எத்தனை முறை தோய்த்தாலும்.

துணியைக் காய்ச்சும் முறை இது. உலர்ந்த துணியை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா அளவுகளும் இந்த எடையை வைத்துத்தான். 100 கிராம் துணிக்கு 2 முதல் 5 கிராம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பு நீரும், துணி தாராளமாக மிதக்கும் அளவு தண்ணீரும் எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. சோடா அதை அரிக்கும். ஆப்ப சோடாவைச் சலவைச் சோடாவுக்குப் பதிலாகப் போடுவதும் கூடாது, இரண்டும் வேறு வேறு பொருள்கள். கோராத் துணியாக இருந்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷனைப் போல் ஆகிவிடும். அதைப் பார்த்த பிறகு, காய்ச்சாத துணியில் சாயமிட உங்களுக்கே மனம் வராது. தண்ணீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி, ஒரு சொட்டு நீரைத் துணியின் மேல் விடுங்கள். சொட்டு உடனே உள்ளிழுக்கப்பட்டால் துணி தயார். முத்துப்போல் நின்றால் மறுபடி காய்ச்சுங்கள். என் துப்பட்டாவின் வெள்ளைத் திட்டுகள் எல்லாம் அந்த முத்து நின்ற இடங்கள்தாம்.

பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தச் சோடாக் கொதிப்பு ஆகாது. மிதமான சோப்பு நீரில் இளஞ்சூட்டில் அலசினால் போதும். கடுக்காயும் தேவையில்லை, படிகாரம் மட்டும் போதும்.

6. பட்டறை நாளன்று

பழைய ஆடை, காலை மூடும் பழைய செருப்பு, முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை, முகக்கவசம், அழியாத மையுள்ள பேனா, சிறு நோட்டு ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். ரியாக்டிவ் சாயத்தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை உண்டாகும். தூளைக் கரைக்கும் நேரத்தில் முகக்கவசம் கட்டாயம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ரியாக்டிவ் சாயம் கற்பிக்கும் வகுப்பில் ஒன்றைக் கவனியுங்கள். சலவைச் சோடா கலந்த நொடியிலிருந்து அந்தச் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வலுவிழந்துகொண்டே இருக்கும். காலையில் சோடாவோடு கலக்கிப் புட்டிகளில் நிரப்பி வைத்ததை மாலையில் உங்களுக்குக் கொடுத்தால், பார்க்க நிறம் அப்படியே இருக்கும். வீட்டில் அலசும்போது அத்தனையும் சாக்கடைக்குப் போகும்.

அவுரி நீலத் தொட்டியின் அருகே நின்றால் அவசரப்படாமல் முதலில் அதைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள தொட்டியின் மேற்பரப்பில் செம்புப் பளபளப்புடன் ஓர் ஏடு படிந்திருக்கும், நடுவில் நீல நுரை திரண்டிருக்கும். ஏட்டை விலக்கினால் உள்ளே நீர் நீலமாக அல்ல, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நீலமாகவே தெரிந்தால் தொட்டி களைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை காத்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். துணியை ஈரமாக்கிப் பிழிந்து, காற்றுக்குமிழி உள்ளே போகாதபடி மெதுவாக இறக்கி, சில நிமிடங்களுக்குப் பின் அதே மெதுவோடு வெளியே எடுங்கள். வாழைக்குருத்தின் பச்சையில் வெளிவரும் துணி, காற்றுப்பட்டதும் மடிப்பின் விளிம்புகளிலிருந்து தொடங்கி உங்கள் கையிலேயே நீலமாகும். ஒருமுறை நெடுநேரம் ஊறவைப்பதைவிட, சில நிமிடங்களாகப் பல முறை தோய்த்துக் காற்றாடவிடுவதே நிலைக்கும். இதையும் என் முதல் பட்டறையில் யாரும் சொல்லவில்லை, அங்கே ஆளுக்கு ஒரு தோய்ப்புத்தான்.

நடத்துபவர் சொல்லும் ஒவ்வோர் அளவையும் கரண்டியில் அல்ல, கிராமில் கேட்டு எழுதுங்கள். “ஒரு கைப்பிடி” என்று பதில் வந்தால், அந்தக் கைப்பிடியைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

7. வீட்டுக்கு வந்தபின்

ரியாக்டிவ் சாயமிட்ட துணியை ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். இந்தச் சாயங்களுக்கு 25 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் நல்லது. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15 பாகை அளவுக்குக் குளிர்வதால், அந்த மாதங்களில் ஓர் இரவு போதாது; முழு ஒரு நாள் வைத்துவிட்டு அலசுங்கள். முதலில் குளிர்ந்த நீர், பிறகு சூடான சோப்பு நீர். நீலம் தோய்த்த துணிக்கு ஓர் இரவு காற்றாடல், பிறகு அலசல், கடைசியில் சில சொட்டு வினிகர் சேர்த்த நீரில் ஒரு முக்கு.

அணிவதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் மூலையைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். இன்னொரு சிறு துண்டைப் பாதி அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். இந்த இரண்டிலும் தேறாத துணியைச் சேலையோடோ வெள்ளைச் சட்டையோடோ சேர்த்துத் துவைக்காதீர்கள். எந்தப் பட்டறைக்கு இரண்டாம் முறை செல்லலாம் என்பதையும் இந்தச் சோதனையை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

8. வீட்டிலேயே தொடர்வதற்கு

தொடக்கச் செலவு அதிகம் இல்லை. ஒரு கிராம்வரை காட்டும் மின்தராசு, சமையலுக்கு இனி திரும்பாத ஓர் எவர்சில்வர் குண்டான், மரக்கரண்டி, கையுறை, வாளிகள் இரண்டு. எனக்கு ஏறக்குறைய ₹2,000 ஆனது. 100 கிராம் பருத்திக்குக் கடுக்காய்ப்பொடி 15 முதல் 20 கிராம், படிகாரமும் அதே அளவு.

இந்தப் பொருள்களுக்கு இணையத்தில் அழகான பெட்டியில் அடைத்து விற்பவற்றை வாங்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையைக் கன்னடத்தில் கிரந்திகே அங்கடி என்பார்கள். அங்கே கடுக்காயை அளலெகாயி என்றும், மஞ்சிட்டியை மஞ்சிஷ்டா என்றும், படிகாரத்தை ஸ்படிகா என்றும் கேளுங்கள். இரும்பு உப்பான அன்னபேதிக்கு அன்னபேதி என்றாலே புரியும். அன்னபேதியைச் சிட்டிகை அளவுக்கு மேல் போடாதீர்கள். நிறத்தைக் கருமையாக்கும், அதிகமானால் துணியை நைந்துபோகச் செய்யும். செப்பு உப்பான மயில்துத்தம் நஞ்சு, வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பெங்களூரில் தண்ணீர்தான் மறைந்திருக்கும் மூலப்பொருள். காவிரிக் குழாய்நீர், ஆழ்துளைக் கிணற்றுநீர், லாரித் தண்ணீர் மூன்றிலும் ஒரே சாயம் மூன்று நிறம் தரும். கடின நீரில் சோப்பு நுரைக்காது, ஆகவே காய்ச்சுதல் அரைகுறையாகும். இரும்புச்சத்துள்ள கிணற்றுநீரில் சாமந்தி மஞ்சள் பாசிப்பச்சையாகிவிடும். மஞ்சிட்டிக்கு மட்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் நல்லது, சிவப்பு ஆழமாகும். ஆனால் அதைத் தளதளவெனக் கொதிக்கவிட்டால் சிவப்புப் போய்ப் பழுப்பு மிஞ்சும். எந்தத் தண்ணீரில் செய்தீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள்.

கழிவுநீரைப் பற்றி யாரும் எச்சரிக்காததால் நான் பட்டது இது: ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் நீலத் தொட்டியை அலசிக் கொட்டி, தளத்தில் இன்றும் போகாத ஒரு நீலத் தீவை உண்டாக்கி, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்து கடிதம் வாங்கினேன். பல அடுக்ககங்களில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் திருப்பிவிடுகிறார்கள். அதில் காஸ்டிக்கோ அதிகச் சாயமோ கலந்தால் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். ஆகவே தொடங்கும் முன் சங்கத்திடம் சொல்லிவிடுங்கள். சிறு அளவில் செய்யுங்கள். காரமான நீரை வினிகரால் சமன்செய்து, நிறையத் தண்ணீரோடு கழிவறை வழியே விடுங்கள். தெருவோர மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள், ராஜகாலுவே எனப்படும் இந்த ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் ஏரிகளுக்குப் போகின்றன. கடுக்காய், மாதுளைத் தோல் சக்கையை மட்டும் தாராளமாகத் தொட்டிச் செடிக்கு உரமாக்கலாம்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை மாலை மழைக்குத் துணி காயாது, செப்டம்பரில் என் கடுக்காய்த் துணி ஒன்று மூன்று நாள் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தது. மார்ச், ஏப்ரலில் வெயில் இருக்கும், தண்ணீர் இருக்காது. 2024 கோடையில் நகரமே லாரிக்குக் காத்திருந்ததை இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வேலை செய்து, துணியை வெயிலில் விரிக்காமல் நிழலில், கொடியில் இடைவெளி விட்டுக் காயப்போடுங்கள்.